மருந்துக்கடை வளைவு

பந்தயத்துக்கு வந்த பெண்களை ஹோட்டலில் தங்கவைக்க அந்த ஊர்க் குழுவுக்கு வசதியில்லை. ஆளுக்கொரு வீடாகப் பிரித்துவிட்டார்கள். அவளுக்கு அமைந்தது ஒரு பெயிண்டரின் வீடு. கொடுத்த அறையில் ஒரு பக்கம் கட்டில், மறுபக்கம் சுவர் நெடுகப் பெயிண்ட் டப்பாக்கள். டர்பன்டைன் நெடி மூக்கை எரித்தது. ஜன்னலைத் திறந்தால் நெடி போகும். ஆனால் ஜன்னல் வழியே தெரு தெரியும். தெரு இறக்கமாகச் சரிந்து, அடியில் வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பும். திரும்பாமல் நேரே போனால் மருந்துக்கடைக்குள்தான் போக வேண்டும். அவள் ஜன்னலைத் திறக்கவே இல்லை.

பெண்கள் சைக்கிள் பந்தயத் தொடரின் கடைசிப் பந்தயம் அந்தத் தெரு வழியாகத்தான். ஊரைச் சுற்றி வரும் பாதை. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இறக்கம், அந்த வளைவு.

இதற்கு முந்தைய பந்தயத்தில், வேறோர் ஊரில், மழை ஈரத்தில் அவள் விழுந்திருந்தாள். சாலையைக் கடக்கப் போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் மேல் பின்சக்கரம் வழுக்கிவிட்டது. இடுப்பிலிருந்து முழங்கால்வரை தோல் போயிற்று. அது பொருக்குத் தட்டி ஆறிக்கொண்டிருந்தது. ஆறாதது ஒரு சத்தம். பின்னால் வந்த பெண் அவள்மேல் ஏறி விழுந்து தோள் எலும்பு முறிந்த சத்தம். அன்று முதல் இறக்கம் வந்தாலே அவள் விரல்கள் அவளைக் கேட்காமல் பிரேக்கைப் பிடித்தன.

மேனேஜர் பயிற்சியின்போது அதைக் கவனித்துவிட்டார்.

"ஏத்தத்துல சம்பாதிக்கிறதை எல்லாம் இறக்கத்துல தானம் பண்ணிட்டு வர்றியேம்மா," என்றார். "கேப்டனுக்கு முன்னாடி போய்க் காத்தைத் தடுக்கத்தான் உன்னை வச்சிருக்கேன். இந்த ஒரு பந்தயத்தை அவ ஜெயிச்சா கோப்பை நமக்கு. நீ மறுபடி பயந்து பின்வாங்கினா அடுத்த வருஷம் டீம்ல உனக்கு இடமில்ல. மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன், அப்புறம் அழக்கூடாது."

அவளுக்கு வேறு வேலை தெரியாது. வேறு வேலை வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

பந்தயத்துக்கு முன்தினம் ஒவ்வொருத்தியும் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளோடு பேச வேண்டும் என்பது அந்தத் தொடரின் வழக்கம். பெயிண்டரின் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு இவள் போனாள். முன்பல் விழுந்த அந்தப் பெண்ணை வீட்டிலும் வகுப்பிலும் வாலு என்றுதான் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் சைக்கிளை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார்கள்.

"எங்க வீட்டுப் பூனை இதைவிட கனம்!"

"அக்கா, ஓட்டிட்டு இருக்கும்போது ஒண்ணுக்கு வந்தா என்ன பண்ணுவீங்க?"

டீச்சர் முறைத்தார். வகுப்பு சிரித்து ஓய்ந்ததும் வாலு எழுந்தாள்.

"உங்களுக்குப் பயமே இருக்காதாக்கா?"

இந்தக் கேள்விக்கு எப்போதும் சொல்லும் பதில் ஒன்று அவளிடம் இருந்தது. அன்று அது வாயில் வரவில்லை.

"இருக்கும்."

"எங்க?"

"மருந்துக்கடை வளைவுல."

"அங்கயா?" ஒரு பையன் துள்ளினான். "அங்க நாங்க கையை விட்டுட்டே ஓட்டுவோம்!"

"புளுகுறான்க்கா. போன மாசம் சாக்கடையில கெடந்தான்," என்றாள் வாலு.

சாயங்காலம் வீட்டு வாசலில் பிள்ளைகள் கூட்டமாகக் குசுகுசுத்தார்கள். அவள் போனதும் கப்சிப். மறுநாள் காலையில் டப்பாக்களின் வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. காலணி மாட்டும் அவசரத்தில் அதை அவள் பெரிதாக நினைக்கவில்லை. மூடிய ஜன்னலுக்கு வெளியே பேச்சுச் சத்தம் கேட்டதையும் நினைக்கவில்லை.

பந்தயம் தொடங்கியது. முதல் சுற்றில் அந்த இறக்கத்தில் வழக்கம்போல் கூட்டத்தின் கடைசிக்கு நழுவி, பிரேக்கைப் பிடித்தபடி இறங்கினாள். வளைவில் தார் ரோட்டின்மேல் மஞ்சள் நிறத்தில் ஆள் உயர எழுத்துகள்: 'பயப்படாத அக்கா'. வலப்பக்க விளிம்பிலிருந்து ரோட்டை ஏறக்குறைய முழுதாக அடைத்துக்கொண்டு கிடந்தன. இடது ஓரத்தில் மட்டும் ஒரு சைக்கிள் போகிற அளவுக்குத் தார் மிஞ்சியிருந்தது. பந்தயப் பாதையில் ரசிகர்கள் இப்படி எழுதுவது வழக்கம்தான் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. மருந்துக்கடை முன்னால் கட்டியிருந்த கயிற்றுக்குப் பின்னே பிள்ளைகள் குதித்தார்கள். வாலுவின் கை முழங்கைவரை மஞ்சள். பயத்துக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசிச் சுற்றில் ஒருத்தி மட்டும் கூட்டத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள். அவளைப் பிடித்தால்தான் கேப்டன் ஜெயிக்க முடியும். இறக்கத்தின் உச்சிக்கு வரும்போது தூறல் விழுந்தது. ரோடு கறுத்துப் பளபளத்தது.

கீழே, தனியாகப் போனவள் வளைவுக்குள் நுழைந்தாள். எழுத்துகளின்மேல் ஏறியதும் அவள் பின்சக்கரம் பக்கவாட்டில் ஒரு முழம் இழுத்துக்கொண்டு போயிற்று. எப்படியோ நிமிர்ந்து, தப்பிப் போய்விட்டாள்.

இறக்கத்தின் உச்சியிலிருந்து இவள் அதைப் பார்த்தாள். அது அவள் அறையிலிருந்து காணாமல்போன டப்பா, இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற பெயிண்ட். ஈரம் பட்டால் கண்ணாடிதான். துரத்திப் போகும் கூட்டம் தோளோடு தோள் உரச அதன்மேல் ஏறப்போகிறது. முன்னால் ஒருத்தி சரிந்தால் மொத்தமும் சரியும். சரிந்த சைக்கிள்கள் நேரே போகும். நேரே கயிறு, கயிற்றுக்குப் பின்னால் பிள்ளைகள்.

கத்தினாள். காற்று அதைப் பின்னால் கொண்டுபோயிற்று. கூட்டம் எந்தக் கோட்டில் போகும் என்பது முன்னால் போகிறவள் கையில்தான் இருக்கிறது. முன்னால் போக வேண்டுமானால் பிரேக்கை விட வேண்டும்.

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

சைக்கிள் பாய்ந்தது. தூறல் கண்ணில் குத்தியது. காதுக்குள் அந்த எலும்புச் சத்தம். இரண்டு பேருக்கு இடையில், கைப்பிடிகள் உரச, புகுந்தாள். கேப்டனைத் தாண்டும்போது, "ஏய், எங்கடி போற?" என்ற குரல் கேட்டது. கூட்டத்தின் தலைக்கு வந்ததும் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் நீட்டி ஆட்டினாள். "இடது! இடது ஓரம்!" வேகத்தைக் குறைத்து, ஓரக்கல்லை ஒட்டி நுழைந்தாள். ஈர வளைவில் வெளிப்பக்கமாகச் சுற்றி அவளைத் தாண்ட யாரும் துணியவில்லை.

"பிரேக்கைப் பிடிக்கிறா பாரு, சனியன்!"

"நகருடி!"

திட்டிக்கொண்டே ஒருத்தி பின் ஒருத்தியாக வரிசையானார்கள். எழுத்துகளின் விளிம்பில் ஒரு சக்கரம் வழுக்கியது. அந்தப் பெண் காலை ஊன்றி நிமிர்ந்துகொண்டாள். யாரும் விழவில்லை. கயிற்றுக்குப் பின்னால், "நம்ம அக்கா முதல்ல! நம்ம அக்கா முதல்ல!" என்று ஒரே கூச்சல்.

தனியாகப் போனவளை அதற்குப் பிறகு பிடிக்க முடியவில்லை. கேப்டன் இரண்டாவதாக வந்தாள். கோப்பை போயிற்று. கேப்டன் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் எறிந்துவிட்டு, இவள் பக்கம் பார்க்காமல் வேனில் ஏறிக்கொண்டாள்.

மேனேஜர் வந்தார். கூடவே நடுவரும் வந்தார்.

"முன்னாடி போனியே, சந்தோஷப்பட்டேன். போனவ எதுக்குப் பிரேக்கைப் பிடிச்ச? என்னம்மா ஆச்சு உனக்கு?"

"பாதையில ஏதாவது கோளாறுன்னா சொல்லுங்க," என்றார் நடுவர். "யார் பண்ணினாங்கன்னு விசாரிச்சு நடவடிக்கை எடுப்போம். பந்தயத்தைக் கெடுத்தா போலீஸ் வரைக்கும் போகும்."

அவர் தோளுக்கு அப்பால் பிள்ளைகள் மழையில் ஓடிவருவது தெரிந்தது. எல்லாருக்கும் முன்னால் இரண்டு மஞ்சள் கைகள்.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள். "பயந்துட்டேன்."

மேனேஜர் கையிலிருந்த நேரப் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நான்தான் சொல்லியிருந்தேனேம்மா," என்றார். குரலில் கோபம் இல்லாததுதான் கஷ்டமாக இருந்தது. "சரி, பெட்டியைக் கட்டு."

இருவரும் போனபின் வாலு மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"அக்கா, படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"பயம் போயிடுச்சா?"

"எங்க போச்சு? இங்க பாரு." நீட்டிய கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வாலு அதைத் தன் இரண்டு மஞ்சள் கைகளாலும் பிடித்துப் பார்த்தாள். ஆட்டம் நிற்கவில்லை.

"அடுத்த தடவை சுவத்துல எழுது. பெயிண்ட் மேல ஈரம் பட்டா சைக்கிள் வழுக்கும்."

வாலுவின் சிரிப்பு மெல்ல வற்றியது. அவள் மக்கு இல்லை. திரும்பி வளைவைப் பார்த்தாள். கயிற்றையும் பார்த்தாள்.

"அதனாலதான் மெதுவா வந்தீங்களா?"

"அழாத. இப்போ ரோட்டைத் திறந்துவிட்டுருவாங்க, ஸ்கூட்டரெல்லாம் வரும். இங்க மண்ணு எங்க கிடைக்கும்?"

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டுகிற இடம் ஒன்று இருந்தது. பிள்ளைகள் சட்டையிலும் பையிலும் டிபன் டப்பாவிலும் மண்ணை அள்ளிக்கொண்டு ஓடிவந்து எழுத்துகளின்மேல் கொட்டினார்கள். அவள் இறக்கத்தின் பாதியில், நடு ரோட்டில், சைக்கிளைக் குறுக்கே போட்டுக்கொண்டு, வருகிற வண்டிகளுக்குக் கைகாட்டி நின்றாள். ஹார்ன் அடித்தார்கள், திட்டினார்கள். மேலிருந்து ஒவ்வொரு வண்டி இறங்கும்போதும் அவள் கால் தானாக ஓரடி பின்னால் போயிற்று. மறுபடி முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா!" சாக்கடையில் விழுந்த பையன் கீழேயிருந்து கத்தினான். "இவ்வளவு மண்ணு போட்டா நாளைக்கு நாங்க எப்படிக் கையை விட்டுட்டு ஓட்டறது?"

"பிடிச்சுக்கிட்டு ஓட்டு!" என்று அவளும் கத்தினாள்.