வடித்த எண்ணெய்

கிழக்கு வெளுக்கும் முன்பே பெரியக்காவின் கை எண்ணெய்க்குள் இருந்தது. மசாஜ் நிலையத்தின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத சின்ன அறையில், குந்தி உட்கார்ந்து வடிகட்டிக்கொண்டிருந்தாள். முந்தைய நாள் மேசைகளில் படுத்தெழுந்த உடம்புகளிலிருந்து வழிந்து, மேசை ஓரத்துப் பள்ளம் வழியாக அடித்தட்டில் சேர்ந்த எண்ணெய் அது. வாளியில் சாம்பல் பூத்த மஞ்சளாகக் கிடந்தது. மெல்லிய துணியில் ஊற்றி முறுக்கினால் எண்ணெய் கீழே இறங்கும். மேலே தங்குவதைப் பார்க்காமலிருக்க அவள் பழகியிருந்தாள். கண் பார்க்காவிட்டாலும் விரல் சொல்லிவிடும். சுருண்ட முடி, உரிந்த தோல், உடைந்த நகம். இன்றைக்கு எவருடைய புண்மேலோ இருந்த பிளாஸ்திரி ஒன்று, பழுப்புக் கறையோடு துணியில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கிள்ளி எடுத்துக் குப்பையில் உதறினாள். வாயில் எச்சில் ஊறியது. துப்ப இடமில்லை, விழுங்கினாள்.

வடித்ததைச் சூடாக்கி, வாசனைத் தைலம் கொஞ்சம் விட்டு, கண்ணாடிப் புட்டிகளில் நிரப்ப வேண்டும். புட்டிகளின் மேல் 'தூய மூலிகை எண்ணெய்' என்று பச்சை எழுத்தில் அச்சடித்திருக்கும். அதற்குப் பிறகு மேசைகளைச் சுரண்டித் துடைப்பது, துண்டுகளை அடுக்குவது, வெந்நீர் போடுவது. மற்றவர்கள் வந்து சேரும்போது அவள் இடுப்பு ஒருமுறை முறிந்து ஒட்டியிருக்கும்.

இது முதலாளியின் மூளையில் உதித்த ஏற்பாடு. எப்போதும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வருவார். முதுகுக்குப் பின்னால் அவருக்கு வெள்ளைச்சட்டை என்றே பெயர். கூலியைக் குறைத்த கையோடு எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார்:

"எண்ணெய் வயித்துக்குள்ளயா போவுது? தோலுக்கு மேல பூசுறதுதானே. வடிகட்டிட்டா புதுசுதான். ஆத்துத் தண்ணியே சுத்திச் சுத்தித்தான் வருது."

"அப்ப குளிச்ச தண்ணியையும் புட்டியில அடைச்சு வித்துடலாம்" என்று வாயாடி முணுமுணுத்தாள். பெண்கள் பகுதியில் பெரியக்காவுக்கு அடுத்த மேசை அவளுடையது. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவரவர் மேசைக்குப் போய் அந்த எண்ணெயைத்தான் ஊற்றினார்கள். எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசவில்லை. பேசினால் வேலை போகும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் பெரியக்காவிடம் வாரந்தோறும் வருவார். பலகையில் எழுதி எழுதி வலது தோள் கல்லாகிப்போனவர். பெரியக்கா முழங்கையைத் தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் வைத்து, உடம்பின் பாரத்தை மெல்ல மெல்ல இறக்குவாள். உள்ளே இறுகிய முடிச்சு முதலில் முரண்டு பிடிக்கும். பிறகு வெண்ணெயாக இளகும். ஆசிரியை நீளமாக மூச்சு விடுவார். அந்த மூச்சுக்காகவே இந்த வேலையை விரும்பிய காலம் ஒன்று அவளுக்கு இருந்தது.

"புது எண்ணெய்தானேம்மா?" என்று அன்று குப்புறப் படுத்தபடியே ஆசிரியை கேட்டார். "வாசனை ஒரு மாதிரி இருக்கு."

"புதுசுதாங்கம்மா. மூலிகை வாசனை அப்படித்தான் இருக்கும்."

பொய் எண்ணெய் மாதிரியே வழுக்கிக்கொண்டு வந்தது. அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அந்த அம்மாவின் வெளுத்த கழுத்தில், யார் யாரோ கழித்த அழுக்கைத் தன் கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் வீட்டுக்குப் போனதும் மகளுக்குத் தலை பின்னிவிடுவது வழக்கம். ஒற்றை அறைதான் வீடு. இரவுக் காவலுக்குப் போகிற கணவன் சீருடை மாட்டிக்கொண்டிருப்பான். அவன் எழுந்த பாயில்தான் அவள் உட்காருவாள். அன்று சீப்பை எடுத்ததும் மகள் நகர்ந்துகொண்டாள்.

"நானே பின்னிக்கிறேம்மா."

"ஏன்டி, திடீர்னு பெரிய மனுஷி ஆயிட்டியா?"

மகள் தரையைப் பார்த்தாள். "உன் கை நாறுதும்மா. உன் வாசனையே இல்ல. யார் யாரோ வாசனை."

கணவன் பொத்தான் போடுவதை நிறுத்தினான். "வேற சோப்பு வாங்கிப் பாரேன்" என்றான் தயக்கமாக. சோப்பு, உப்பு, துணி துவைக்கும் சோடா எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. அன்று அவள் கரண்டியால் சாப்பிட்டாள்.

ஆண்கள் பகுதியில் நெட்டை என்று ஒருவன். உயரத்துக்கேற்ற மேசை இல்லாததால் வளைந்து வளைந்தே வேலை செய்கிறவன். "ஊர் முதுகையெல்லாம் நிமித்துறேன், என் முதுகு கேள்விக்குறியாப் போச்சு" என்று சிரிப்பான். அவன் விரலிடுக்கில் முதலில் அரிப்பு வந்தது. பிறகு கடுகு கடுகாகக் கொப்புளங்கள். அவை உடைந்து நீர் வடிந்தது. துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு மறைத்துப் பார்த்தான். வெள்ளைச்சட்டை துண்டை உருவச் சொன்னார்.

"இந்தக் கையை வெச்சுக்கிட்டா மனுஷனைத் தொடுறே?"

"இங்க வந்ததுதாங்க முதலாளி. அந்த எண்ணெய்…"

"வீட்டுல என்ன கருமத்தைத் தொட்டியோ, எண்ணெய் மேல பழியைப் போடாதே. ஆறின பிறகு வா."

"அதுவரைக்கும் கூலி?"

"வேலை செஞ்சாத்தானே கூலி?"

நெட்டை எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தான். எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்துத் துண்டு மடிக்கிற வேலை வந்துவிட்டது. பெரியக்காவும் மடித்தாள். அவன் போன பிறகு அவனிடம் வழக்கமாக வருகிறவர்களைப் பங்கு போட்டுக்கொண்டு வேலை நடந்தது.

அடுத்த வாரம் ஆசிரியை வந்தார். மேசைக்கு வரவில்லை. முன்கூடத்தில், காத்திருப்பவர்கள் எல்லோர் முன்னாலும், கழுத்துத் துணியை விலக்கிக் காட்டினார். காதடியிலிருந்து தோள்வரை செக்கச் சிவந்து, நடுநடுவே சீழ்முனைகள்.

"வலி போகணும்னு வந்தேன். இதை வாங்கிட்டுப் போயிருக்கேன்" என்றார்.

வெள்ளைச்சட்டை முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டார். உள்ளே பார்த்துக் கைதட்டி, எல்லோரையும் வரவழைத்து வரிசையாக நிறுத்தினார்.

"கையை நீட்டுங்க."

நீட்டினார்கள். அவர் பேனாவின் முனையால் ஒவ்வொரு விரலாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார், செத்த எலியைக் குச்சியால் புரட்டுகிறமாதிரி. தன் விரல் அவர்கள் விரலில் பட்டுவிடக் கூடாது என்பதில் அத்தனை கவனம்.

"மன்னிக்கணும் மேடம்" என்றார் ஆசிரியையிடம். "எண்ணெய் சுத்தமானது. இவங்க குடியிருக்கிற இடம் அப்படி. அங்கேருந்து எதையாவது கொண்டுவந்து ஒட்டிடுறாங்க. நெட்டையா ஒருத்தன், அவனை அப்பவே அனுப்பிட்டேன்."

பேனா பெரியக்காவின் கட்டைவிரலுக்கு வந்தது. குளிர்ந்த அந்த முனை தோலில் பட்டது. எத்தனையோ பேரின் அக்குளையும் பாதத்தையும் முகம் சுளிக்காமல் பிடித்த கை அது. இப்போது கூசியது.

"எண்ணெய் பழசுங்கம்மா" என்றாள்.

பேனா நின்றது.

"என்ன சொன்னே?"

"நேத்து ஒருத்தர் மேல ஊத்தினதை இன்னைக்கு இன்னொருத்தர் மேல ஊத்துறோம். வடிகட்டுறவ நான்தான். முடியும் நகமும் வரும். பிளாஸ்திரி வரும். இவர் சொல்லித்தான் செய்றோம்."

"பொய். வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னு பயத்துல உளர்றா."

"உளர்றேனா?" பெரியக்கா அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினாள். "தூய எண்ணெய்தானே முதலாளி. உங்க உள்ளங்கையில கொஞ்சம் ஊத்திக்குங்க. முகத்துல பூசுங்க. நாங்க இப்பவே மேசைக்குப் போறோம்."

வெள்ளைச்சட்டை புட்டியைப் பார்த்தார். அவர் கால் தானாக ஒரு அடி பின்வாங்கியது. அதைக் கூடத்தில் எல்லோரும் பார்த்தார்கள். காத்திருந்தவர்களில் ஒருவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

ஆசிரியை பெரியக்காவிடம் திரும்பினார். நன்றி சொல்வார் என்று யாராவது நினைத்திருந்தால் அது நடக்கவில்லை. "கேட்டேனே உன்கிட்ட. புதுசுன்னு சொன்னியே. உன் கையாலதானே பூசினே" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினார். அந்தச் சொல் அவளுக்குச் சேர வேண்டியதுதான்.

"வெளியே போ" என்றார் வெள்ளைச்சட்டை. "நீ மட்டும்."

பெரியக்கா புட்டியைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வாயாடி. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஆண்கள் பகுதியிலிருந்த இருவரும் தோள் துண்டைக் கழற்றி மேசைமேல் போட்டார்கள். "அவளுக்காகப் போறீங்களா? அவதான்டா வடிகட்டினவ" என்று முதலாளி கத்தினார். "நாங்கதான் பூசினோம்" என்றாள் வாயாடி திரும்பாமலே.

அவர்கள் போனது கட்டிடத்துக்கு அடியிலிருந்த சலவை அறைக்கு. அங்கே துண்டுகளைக் கொதிக்கவைத்துக் கொண்டிருந்த பெண்ணை எல்லோரும் அத்தை என்பார்கள். நடந்ததைக் கேட்டுவிட்டு அத்தை சட்டைக் கையைச் சுருட்டினாள். முழங்கைவரை அதே சிவப்பு, அதே கொப்புளம்.

"எவ்வளவு காய்ச்சினாலும் இந்த நாத்தம் போறதில்லடி. இந்தக் கொப்புளத்தை நான் வயசானதால வந்த கோளாறுன்னு இருந்துட்டேன்."

"ஏன் அத்தை சொல்லல?"

"நீங்க சொன்னீங்களா?"

கொப்பரையில் துண்டுகள் மட்டும் குமிழ்விட்டுப் புரண்டன. பிறகு அத்தை அடுப்பை அணைத்தாள்.

நெட்டை வீட்டுக்கு எல்லோருமாகப் போனார்கள். அவன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். "துண்டு மடிச்சு முடிச்சாச்சா?" என்று கேட்டான். பெரியக்கா, "முடிச்சாச்சுடா தம்பி. இனி மடிக்க மாட்டோம்" என்றாள். அவன் விலகி வழிவிட்டான். அங்கே உட்கார்ந்து பேசினார்கள். பழைய எண்ணெயைத் தொடுவதில்லை. நெட்டைக்கும் அத்தைக்கும் வைத்தியம் நிலையம்தான் பார்க்க வேண்டும், ஆறும்வரை கூலியோடு. குறைத்த கூலியைத் திரும்பத் தர வேண்டும். அதுவரை யாரும் தனியாக உள்ளே போவதில்லை. வாயாடிக்கு வாடகைக் கவலை, இன்னொருத்திக்குப் பால்குடிக்கும் பிள்ளை. ஒவ்வொரு பயத்தையும் வெளியே எடுத்து வைத்தே பேசினார்கள். தலைக்குமேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்றான் நெட்டை.

மறுநாள் காலை நிலையத்தின் படிக்கட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னார்கள். சிலர் திரும்பிப் போனார்கள். சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர்களையே திட்டினார்கள். வெள்ளைச்சட்டை கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தொலைபேசியில் ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியபோது ஒருத்தி தோளில் பையோடு வந்தாள். முகம் தெரியாதவள், ஆனால் அவள் கட்டைவிரல் அவர்களுக்குப் பழகியதுதான். கணுவில் காய்ப்பு ஏறி வெளிப்பக்கம் வளைந்திருந்தது. இதே தொழில். கதவு அவளுக்காக உடனே திறந்தது.

பெரியக்கா எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவள் கேட்டுக்கொண்டாள். "எனக்கு வேலை வேணும்கா" என்றாள் கடைசியில்.

"எங்களுக்கும் வேணும். அதுக்குத்தான் உட்கார்ந்திருக்கோம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது. வாயாடி ஏதோ வசவு சொல்ல வாயெடுத்தாள். "சொல்லாதே. வயிறு எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று அத்தை தடுத்தாள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தால் போதும், கதை முடிந்தது.

கதவு மறுபடி திறந்தபோது அவள் மட்டும் வெளியே வந்தாள். வலது உள்ளங்கையில் எண்ணெய் மினுங்கியது. அந்தக் கையைத் தன் உடம்பில் படாமல் எட்டப் பிடித்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"மோந்து பார்த்தேன்" என்றாள். "பிள்ளையைத் தொடுற கை இது."

படியில் நடுவிலிருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் உட்கார்ந்தாள். அத்தை இடுப்பிலிருந்த துண்டை உருவிக் கொடுக்க, பெரியக்கா அந்தக் கையைத் தன் மடியில் வைத்து, உள்ளங்கையையும் விரல்களையும் ஒவ்வொன்றாக அழுத்தித் துடைத்துவிட்டாள். உள்ளே வெள்ளைச்சட்டை மறுபடி தொலைபேசியை எடுத்தார். அவர்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள்.