விருந்துக்கு அழைத்த காரணம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றாவது மாடி வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக்கான சின்னவன். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் அவன் மனைவி. அவனுடைய அம்மா. குடிநீர் வாரியத்தில் முப்பத்து நான்கு வருஷம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற அவனுடைய அப்பா. அக்கா. அக்கா வீட்டுக்காரர். ஆறு பேரும் மானம் மரியாதை தெரிந்தவர்கள். ஏழாவது ஆள் அந்த வீட்டுக்குள் இல்லை.

அப்பா அந்த வாசலை மிதித்தது அன்றுதான் முதல் தடவை. கல்யாணமாகி ஆறே மாதத்தில் சின்னவன் தனிக்குடித்தனம் போனான். வேலைக்குப் பக்கம் என்பதுதான் காரணம்; மாமியார் மருமகள் சண்டையெல்லாம் கிடையாது. ஆனாலும் அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அந்தக் குடும்பத்தில் கோபம் வந்தால் யாரும் குரலை உயர்த்துவதில்லை. போக்குவரத்தை நிறுத்திக்கொள்வார்கள். பதினொரு மாதம் அப்பா வரவில்லை. சின்னவனும் வருந்தி அழைக்கவில்லை. அவனும் அந்த அப்பாவுக்குப் பிறந்தவன்தானே.

வீடு என்றால் ஓர் அறை, ஓர் அடுப்படி, ஒரு ஜன்னல். அடுப்படியில் இரண்டு பேர் நின்றால், ஒருவர் திரும்புவதற்கு மற்றவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குள்தான் அவர்கள் எதற்கெடுத்தாலும் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். பெயின்ட் ஒட்டி இறுகிப்போயிருந்த ஜன்னல் ஒரு நாள் திறந்துகொண்டது; அதற்கு ஒரு கொண்டாட்டம். அவள் ஒரு வாரம் முழுக்க ஒரு லென்ஸையும் உடைக்காததற்கு ஒன்று. லிஃப்டில் மாட்டிக்கொண்ட கிழவர் ஒருவரை அவன் வெளியே எடுத்துவிட, அவர் நன்றி சொல்லாமல் அவனையே நாலு திட்டுத் திட்டிவிட்டுப் போனதற்கு ஒன்று. கொண்டாட்டம் என்றாலும் பெரிதாக ஒன்றுமில்லை. குக்கரில் வேகவைத்த கேக், இல்லாவிட்டால் முட்டையை நிறைய உடைத்து ஊற்றிக் கிளறிய சோறு. ஆனால் அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். நல்ல சேதி யாருடையதோ அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றவர் சமைத்துப் போட வேண்டும்.

அவன் செய்த முதல் கேக்கில் கத்தி இறங்கவில்லை. "மெக்கானிக்கு, இதுக்கு உன் ஸ்பேனர எடுத்துட்டு வா" என்றாள். அதையும் பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டுத் தீர்த்தார்கள்.

சட்டம் இடித்தது ஒரே ஒரு தடவைதான். மருந்துக்கடையில் வாங்கி வந்த கர்ப்பச் சோதனைப் பட்டையில் இரண்டு கோடுகள் தெரிந்த அன்று. கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பட்டையையே வெகுநேரம் பார்த்தார்கள்.

"சரி, இது யாரு சேதி? யாரு சமைக்கிறது?" என்றான் அவன்.

"சுமக்கப்போறது நான். என் சேதி. எந்திரிச்சுப் போய் அடுப்பப் பத்த வை."

"அப்ப நான் யாரு? பக்கத்து வீட்டுக்காரனா?"

அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கடைசியில் அவளே தீர்ப்பும் சொன்னாள். இரண்டு பேருக்கும் சொந்தமான சேதி என்றால் இரண்டு பேரும் சேர்ந்து சமைத்து, மற்றவர்களைக் கூப்பிட்டுப் போட வேண்டும். "உங்க அப்பாவையும்தான்" என்றாள். "இதுக்கு வரலைன்னா அவரு எதுக்குமே வரமாட்டாரு."

மூன்று மாதம் நெருங்கட்டும் என்று காத்திருந்து, ஒரு திங்கட்கிழமை சின்னவன் நேரில் போனான். "ஒரு விஷயம் இருக்குப்பா. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்து சாப்பிடணும். அங்க வச்சுதான் சொல்வோம்."

அப்பா செய்தித்தாளை மடித்தார். விரித்தார். மறுபடியும் மடித்தார்.

"எத்தனை மணிக்கு?" என்றார்.

புதன்கிழமை, கடையில் வேலையாக இருக்கும்போதே அவளுக்கு வயிற்றில் வலி எடுத்தது. வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் எந்தத் தப்பும் பண்ணல. காரணமே இல்லாம இப்படி நடக்கிறதுண்டு" என்றார் டாக்டரம்மா. சின்னவன் காரணமில்லாத பழுதைப் பார்த்ததே கிடையாது. எந்த லிஃப்ட் நின்றாலும் கம்பியோ சுவிட்சோ, ஏதாவது ஒன்றில் விரலை வைத்து 'இதுதான்' என்று காட்டிவிடுவான். அன்று கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவளுடைய செருப்பைத் தூக்கி வைத்துக்கொண்டு, கூப்பிடும் வரை வராந்தாவிலேயே நின்றான்.

வெள்ளிக்கிழமை, "போன் பண்ணி வரவேணாம்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டான்.

"ஏன்னு கேட்பாங்க."

"உடம்பு சரியில்லைன்னு சொல்றேன்."

"உங்க அம்மா அடுத்த பஸ்ஸுல வந்து நிப்பாங்க. உங்க அப்பா வரவேமாட்டாரு. இப்பவும் இல்ல, இனிமேலும் இல்ல." சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திரும்பவில்லை. "வரட்டும். சாப்பிடட்டும். போகட்டும். இத மட்டும் யாருக்கும் சொல்லாத. ஐயோ பாவம்னு ஒருத்தர் சொன்னாக்கூட என்னால தாங்க முடியாது. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினான். விருந்துக்கு ஒரு காரணம் வேண்டுமே. தனி வீடு வந்து ஒரு வருஷம் ஆகிறது என்று சொல்லிவிடலாம் என்று பேசி முடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் அடுப்படியில் நின்றார்கள். கோழிக்கறி, சோறு, பீன்ஸ். "கேக் வேணாம்" என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. வெங்காயம் நறுக்க உட்கார்ந்தவள், லென்ஸ் தேய்க்கும்போது போடுகிற பெரிய பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அது அவள் வழக்கம்தான். அதைப் போட்டால் கண் எரியாது. முதல் தடவை பார்த்தபோது, "இது அடுப்படியா வெல்டிங் பட்டறையா?" என்று அவன் கேலி செய்திருக்கிறான். வெங்காயம் முடிந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றவில்லை. பீன்ஸ் நறுக்கும்போதும் கழற்றவில்லை. அரிசி களையும்போதும் கழற்றவில்லை. உப்பு டப்பாவை எடுக்கத் திரும்பியவன் அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணாடியின் கீழ் விளிம்பில் தண்ணீர் தேங்கி நின்றது.

அவன் அடுப்பைத் தணித்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவளை உரசாமல் அந்தப் பக்கம் போனான்.

பன்னிரண்டரைக்கு எல்லோரும் வந்தார்கள். அப்பா உள்ளே வந்ததும் நேராக அடுப்படிக் குழாயைத் திறந்து, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். "அழுத்தம் கம்மி. மேல டேங்குல மிதவையப் பாக்கச் சொல்லு" என்றார். எந்த வீட்டில் நுழைந்தாலும் அவர் அப்படித்தான். சங்கடத்தில் இருந்தால் இரண்டு குழாயைத் திறப்பார். அன்று குளியலறைக் குழாயையும் திறந்து பார்த்தார்.

இருக்கிற நாற்காலிகளோடு பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய இரண்டையும் போட்டு, மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"மாப்ள, விஷயத்தச் சொல்லு. சொன்னாத்தான் தட்டுல கை வைப்பேன்" என்றார் அக்கா வீட்டுக்காரர்.

"இவரு பேச்ச நம்பாத. பஸ்ஸுலயே பசி தாங்காம என் பைக்குள்ள பிஸ்கட் தேடினவரு" என்றாள் அக்கா.

"தேடினேன், கிடைச்சுதா? உங்க அக்கா பையில சீப்பு மூணு இருக்கு மாப்ள, பிஸ்கட் ஒண்ணு இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். சோறு போட்டாயிற்று. அப்பா சாப்பிட ஆரம்பித்தார். இரண்டு வாய் உண்டபின் லேசாகத் தலையை ஆட்டினார். இப்போது சொன்னால் சரியாக இருக்கும் என்று சின்னவனுக்குப் பட்டது.

"பெருசா ஒண்ணுமில்ல. இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு. அதான்."

"எந்தக் கணக்குல பதினோரு மாசம் ஒரு வருஷம்?" என்றாள் அம்மா. "நீ பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பின தேதி எனக்குத் தெரியாதா? இன்னும் இருபத்தாறு நாள் இருக்குடா."

அம்மா நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. மனைவியைப் பார்த்தான். அவள் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. வந்ததிலிருந்து அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். மருமகள் குண்டானில் கை வைத்தால் மகன் ஓடி வந்து பிடுங்குகிறான். அவள் நின்றால் உட்கார் என்கிறான். அவள் முதுகுக்கு மட்டும் தலையணை. அலமாரியில் புது மாத்திரை டப்பா.

"போதும்டா உங்க நாடகம்!" என்று எழுந்தாள். "ரெண்டு பெத்தவ நான். எனக்குக் கண்ணில்லையா?" மேசையைச் சுற்றி வந்து மருமகளின் கன்னங்களை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டாள். "என் கண்ணே! எத்தனை மாசம்?"

அக்கா கை தட்டினாள். "அடி சக்கை! இதத்தான் ஒளிச்சு வச்சிருந்தியா மாப்ள?" என்று அக்கா வீட்டுக்காரர் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"அம்மா, அது இல்லம்மா" என்றான் சின்னவன். யார் காதிலும் விழவில்லை. அதற்கு மேல் சொன்னால் சத்தியம் போய்விடும். சொல்லாவிட்டால் அவள் எப்படித் தாங்குவாள்?

அப்போது அப்பா எழுந்தார். தன் தட்டுக்குக்கூடத் தானாக எடுத்துப் போட்டுக்கொள்ளாத மனிதர். இடது கையால் கரண்டியை எடுத்து, குண்டானில் துழாவி, இருப்பதிலேயே பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து மருமகளின் தட்டில் வைத்தார். மேசையில் குழம்பு சிந்தியது.

"சாப்பிடும்மா" என்றார். "நான் முன்னாடியே வந்திருக்கணும். மனசுல வச்சுக்காத."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. மருமகள் அந்தத் துண்டைப் பார்த்தாள். பொய்க்காக அதை வாங்கிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

"வியாழக்கிழமை வரைக்கும் இருந்துச்சு, மாமா" என்றாள்.

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. பிறகு எல்லோருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. அக்காவின் கைகள் மடியில் இறங்கின. அம்மா அவள் கன்னங்களிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையாடா?" என்று மகனைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னிக்குச் சொல்றதுக்குத்தாம்மா கூப்பிட்டோம்."

அக்கா வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே, "நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை பாக்கிறவ, கொஞ்சம் பாத்து..." என்று ஆரம்பித்தாள்.

"வாய மூடு" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை, ஆனால் அக்கா வாயை மூடிக்கொண்டாள். "அவ ஒண்ணும் பண்ணல. இது யார் பண்றதும் இல்ல. உனக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு போச்சு. நான் வீட்டுக்குள்ள சும்மா உட்காந்திருந்தேன். அப்பவும் போச்சு. உங்க அப்பாவத் தவிர யாருக்கும் தெரியாது."

முப்பத்தைந்து வருஷமாக அந்தக் குடும்பத்தில் பேசப்படாத பேச்சு அது. மருமகள் மாமியாரின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த மூன்று நாட்களில் அவள் சத்தம் போட்டு அழுதது அப்போதுதான். ஐயோ பாவம் என்று யாரும் சொல்லவில்லை.

கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது. தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது. சின்னவன் எழுந்து வெளியே போனான். அப்பா மாடிப்படித் திருப்பத்தில், கழுவாத கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றார். தோள் இரண்டும் குலுங்கின. அப்பாவின் முதுகை அவ்வளவு பக்கத்தில் நின்று அவன் பார்த்ததில்லை. தொடலாமா என்று யோசித்தான்.

"உங்கம்மாவுக்கு ஆன அன்னிக்கு, நான் வேலைக்குப் போயிட்டேன்" என்றார் அப்பா, திரும்பாமலே. "சாயங்காலம்தான் வந்தேன். நீ எதுக்கு இங்க நிக்கிற? உள்ள போ. அவகிட்டப் போ."

சின்னவன் உள்ளே போனான்.

மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன கீழ் வீட்டு அம்மாள் அப்பாவை அந்தக் கோலத்தில் பார்த்திருக்கிறார். அது போதுமானதாக இருந்தது. மருமகள் ஏதோ துடுக்காகப் பேசிவிட்டாளாம், மாமனார் பாதிச் சாப்பாட்டில் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாராம் என்று சொந்தபந்தம் வரைக்கும் பேச்சு போயிருக்கிறது. அது பொய். அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை. மாடிப்படியில் நின்று அழுதார். பிறகு உள்ளே வந்து, தன் நாற்காலியிலேயே உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.