துடைக்காமல் விட்ட பனி

மணிமொழி செப்புத்தகட்டில் கறுப்பு மையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் புருஷன் மாறன் கிடந்தான். நேற்று மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை.

"புருஷன் பொணத்த போட்டுட்டு இன்னா வேலடி பாக்குறா இவ?" என்றாள் ஒரு அத்தை, காதில் விழட்டும் என்றே. விழுந்தது. விழுந்துவிட்டுப் போகட்டும்.

மாறன் அண்ணாமலை மலையை மட்டும்தான் வரைவான். தகட்டில் கீறி, அமிலத்தில் ஊறவைத்து, மை பூசித் துடைத்துத் தாளில் எடுப்பான். துடைப்பதில்தான் சூட்சுமம். கீறலுக்குள் மை நிற்கவேண்டும். மேலே மெல்லிசாகத் தங்குகிற மை தாளில் பனியாகும். மூன்று வாரத்துக்கு முன்னால், உதவி செய்கிறேன் பேர்வழி என்று, பாத்திரம் துலக்குகிற அவள் கை தகட்டையும் பளபளவென்று துடைத்துவிட்டது. மலை காலண்டர் படம் மாதிரி வந்தது.

"பனி எங்கடி?"

"அழுக்குன்னு நெனச்சேங்க."

"அழுக்கா! இத்தினி வருசம் என்கூட இருந்து இன்னாத்த பாத்த நீ?"

அவளும் விடவில்லை. "என்னவிட மலதான் ஜாஸ்தின்னா, மலையோடயே போய் இருங்க." பாவி, என்ன வாய் அது! அன்றிலிருந்து பேச்சில்லை. சோற்றுத் தட்டை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

அவனோடு போக ஒரு நல்ல படமாவது வேண்டும். துணியால் லேசாக ஒற்றினாள். அடிவாரத்தில் மையை அப்படியே விட்டாள். நனைத்த தாளை மேலே வைத்து, அச்சு எந்திரத்தின் சக்கரத்தை ஒண்டியாகச் சுற்றினாள். எப்போதும் அவன்தான் சுற்றுவான்.

தாளை உரித்தாள். மலை பாதிதான் இருந்தது, மீதி பனி.

"அண்ணி, தூக்கணும். நேரமாவுது." மாறனின் தம்பி வேடியப்பன் கதவோரம் வந்து நின்றான்.

"இத அவரு நெஞ்சு மேல வை."

வாங்கிப் பார்த்தவன் நகரவில்லை. "அண்ணன் ஆளுங்கள போடவே மாட்டாரே. இது யாரு அண்ணி, பனிக்குள்ள தனியா போறது?"

அவன் காட்டிய இடத்தில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தகட்டில் அந்த இடத்தை விரலால் தடவினாள். ஒரு கீறல்கூட இல்லை, வழுவழுவென்றிருந்தது.

"திரும்பிப் பாக்குறாரா, பாரு."

வேடியப்பன் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"தெரியலியே அண்ணி. ஒரே பனியா இருக்குது."