முள் காட்டிய நல்ல வானம்

இஞ்ஞாசி கிளாட்வினின் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதியபோது, சவப்பெட்டியின் தலைமாட்டில் எரிந்த மெழுகுவர்த்தி சாய்ந்து அணைந்தது.

"எந்தம்பியக் கொன்னுட்டு, கூசாம மொத ஆளா வந்து நிக்கியால?"

கிளாட்வின் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. அடுத்த அடிகள் கண்ணிலும் வாயிலும் விழுந்தன. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

மரியசெல்வி கணவனின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள் கடல் இனிகோவைப் பாறையில் அடித்து அடித்து முகத்தை எடுத்துவிட்டது. மூடியைத் திறக்க வேண்டாம் என்று சாமியார் சொல்லிவிட்டார். அடிக்கிறவன் இனிகோவின் அண்ணன். அடி வாங்குகிறவன் அவளுடைய தம்பி.

மேசையில் அந்த வானிலைப் பெட்டி இருந்தது. துறைமுகத்தில் ஒயர்மேனாக இருந்த கிளாட்வின், ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அத்தானுக்காகச் செய்தது. மொட்டைமாடியில் நாலு தேங்காய்ச் சிரட்டைகள் சைக்கிள் டைனமோவைச் சுற்றும். காற்று பலமானால் பெட்டியில் சின்ன பல்பு எரியும். உள்ளே, வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டிய ஒரு பால்மாவு டின். வெளியே அழுத்தம் குறைந்தால் ரப்பர் உப்பி முள் இறங்கும். இறங்கினால் புயல், ஏறினால் நல்ல வானம். மூன்று தடவை சரியாகச் சொன்னது. அதற்குப் பிறகு இனிகோ வானத்தை அண்ணாந்து பார்ப்பதையே விட்டுவிட்டான்.

வியாழக்கிழமை விடியலில் காற்றே இல்லை. ஆனாலும் இஞ்ஞாசி தடுத்தான். "வாடப் பக்கம் கறுத்துக் கெடக்கு. போவாதல."

"முள்ளு உச்சில நிக்கிண்ணே. பல்பும் எரியல," என்று சிரித்தபடி இனிகோ வள்ளத்தைத் தள்ளினான்.

ஒன்பது மணிக்குக் காற்று வள்ளத்தைத் தூக்கிக் கவிழ்த்தது. கூடப் போன இரண்டு பேர் பலகையைப் பிடித்துக் கரை சேர்ந்தார்கள்.

"டின்னுக்குள்ள கடல அடைச்சிட்டாராம்ல எஞ்சினியரு!" வாசலில் யாரோ கத்தினார்கள். "கைய ஒடிங்கல!"

இஞ்ஞாசி மூலையில் கிடந்த துடுப்பை எடுத்தான். ஒரே வீச்சில் பெட்டி சிதறியது. பால்மாவு டின் உருண்டு வந்து செல்வியின் முழங்காலில் முட்டியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தப் பெட்டி எப்படி மேசைக்கு வந்தது?

புதன்கிழமை சாயங்காலம் மாதா சுரூபம் அவர்கள் வீட்டுக்கு வந்தது. வீட்டுக்கு ஒரு நாளாகத் தெருவில் தங்கிப் போகும் மாதா சிலை. சுரூபம் வைக்க மேசை வேண்டுமென்று, மாடி வயரைக் கழற்றி, பெட்டியை அடுப்பங்கரைக்குத் தூக்கிப் போனது அவள்தான். ஈர மணலில் இருந்த தண்ணீர்ப் பானையை ஒட்டி வைத்தாள். வியாழன் விடியலில் இனிகோ குனிந்து முள்ளைப் பார்த்தது அங்கேதான். மாதா அடுத்த வீட்டுக்குப் போன பிறகும் அவள் அதை எடுக்கவில்லை.

"குளிர்ச்சியில வச்சிராத அக்கா. உள்ள காத்து சுருங்கி முள்ளு பொய்யா ஏறிரும்." பெட்டியைக் கொடுத்த அன்றே கிளாட்வின் சொல்லியிருந்தான்.

உடல் ஒதுங்கிய சேதி கேட்டு முதலில் ஓடி வந்தவனும் அவன்தான். தண்ணீர் குடிக்க அடுப்பங்கரைக்குள் போனான். வெகுநேரம் வெளியே வரவில்லை. பெட்டியை மேசைக்குத் திருப்பி வைத்தது அவனாகத்தான் இருக்கும்.

செல்வி தம்பியைப் பார்த்தாள். வீங்கி மூடிய கண்ணுக்குள்ளிருந்து அவனும் பார்த்தான். தலையை மெல்ல அசைத்தான். வேண்டாம்.

இரண்டு பேர் அவனுடைய வலது கையை மேசைமேல் அழுத்திப் பிடித்தார்கள்.

"இந்தக் கைதானல செஞ்சது?" இஞ்ஞாசி துடுப்பை ஓங்கினான்.

"மச்சான்!" செல்வி எழுந்து ஓடினாள். "அவன் இல்ல. நாந்தான். மாதாவுக்கு மேசை வேணும்னு பெட்டியப் பானைகிட்ட வச்சேன். அதான் முள்ளு பொய் சொல்லிட்டு. இவனுக்குத் தெரியும். எனக்காவத்தான் வாயத் தொறக்காம அடி வாங்குதான்."

"ஏளா, என்ன சொல்லுத?" இஞ்ஞாசியின் துடுப்பு ஓங்கியபடியே நின்றது.

"ஒடிக்கணும்னா இத ஒடிங்க." தம்பியின் கைக்குப் பக்கத்தில் தன் கையை விரித்து வைத்தாள்.

"அக்காவுக்குக் கோட்டி புடிச்சிட்டு," என்றான் கிளாட்வின். "அவ சொல்லுதத நம்பாதீய."

துடுப்பு இறங்கியது. இரண்டு கைகளுக்கும் ஒரு சாண் தள்ளி மேசையின் விளிம்பு பிளந்து தெறித்தது. இஞ்ஞாசி அப்படியே தரையில் உட்கார்ந்து, மிருகம் மாதிரி ஊளையிட்டான். கையைப் பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டு ஒதுங்கினார்கள்.

எல்லோரும் தலைமாட்டைத்தான் பார்த்தார்கள். அங்கே இனிகோவின் தாய் அந்தோணியம்மாள் இரண்டு நாளாக ஒரு வார்த்தை பேசாமல் பாயில் உட்கார்ந்திருந்தாள். பெற்றவள் சொல்வதுதான் இனி தீர்ப்பு. செல்வி மேசையைவிட்டுக் கையை எடுக்கவில்லை.

கிழவி மருமகளைப் பார்த்தாள். மேசையில் ரத்தம் சொட்ட நின்ற கிளாட்வினைப் பார்த்தாள். பிறகு ஒரு கையைத் தரையில் ஊன்றி, சுவரோரமாக மெல்ல ஒதுங்கினாள்.

பாயில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்.