உயிரோடு கிளம்பிப் போனவர்கள்

துறைமுகச் சாலையில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் இரண்டு அறைகளில் நடந்தது. கைக்காசு கட்டுகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ரத்தம் வடிகட்டப் புது ஃபில்டர். காப்பீட்டு அட்டையோடு வருகிறவர்களுக்குக் கழுவிக் கழுவித் திரும்பப் போடும் ஃபில்டர். எந்த அறைக்காரர்கள் கூடுதல் காலம் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லும் வேலை, எம்.எஸ்ஸி. புள்ளியியல் படிக்கும் தளவாய்க்கு புராஜெக்டாக வந்தது. கழுவினதே போதும் என்று தெரிந்தால் எல்லோருக்கும் அதையே போட்டுவிட நிர்வாகம் தயாராக இருந்தது. தளவாயின் அம்மா செண்பகம் படுப்பது புது ஃபில்டர் அறையில். இது தெரிந்துதான், 'ஆர்வமாகச் செய்வான்' என்று அவனிடம் கொடுத்தார்கள்.

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் இரண்டு கோடுகள் வரைந்து கொடுத்தது. ஒருவர் செத்தால் கோடு ஒரு படி இறங்கும். உயிரோடு விலகிப் போனால் இறங்காது. அந்த இடத்தில் ஒரு சின்னக் கூட்டல் குறி விழும், அதோடு அவர் கணக்கிலிருந்து கழன்றுகொள்வார். புது ஃபில்டர் கோடு மரியாதையாகப் படியிறங்கி வந்தது. கழுவின ஃபில்டர் கோடோ கூட்டல் குறிகளைச் சுமந்துகொண்டு உயரத்திலேயே போனது. இரண்டையும் ஒப்பிடும் லாக்-ரேங்க் சோதனையும் இது தற்செயல் அல்ல என்றது. அவனுடைய வழிகாட்டி பேராசிரியர் கிருபாநிதி அன்று தன் செலவில் டீ வாங்கிக் கொடுத்தார்.

தளவாய் டீயை வைத்துவிட்டுப் பட்டியலைத் திறந்தான். கூட்டல் குறிகளில் ஒன்று யாரென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆழ்வார்திருநகரி, பெண், 'சொந்த விருப்பத்தில் டிஸ்சார்ஜ், உயிருடன்'. அவனுடைய சித்தி தங்கத்தாய்.

ஊர்ப்பக்கம், வெளியே உயிர் போனால் உடலை வீட்டுக்குள் எடுக்க மாட்டார்கள். அதனால் டாக்டர் கையை விரித்ததும், கழுவின ஃபில்டர் அறையின் கிராமத்துக்காரர்கள் ஆளை ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுவார்கள். சித்தியின் மூச்சு டவுனை அடுத்த புதுக்கோட்டையைத் தாண்டும்போதே நின்றுவிட்டது. வண்டியில் யாரும் அதைச் சொல்லவில்லை. வீட்டுக்குள் கிடத்திய பிறகுதான் மாஸ்க்கைக் கழற்றி, அப்புறம் அழுதார்கள். புது ஃபில்டர்காரர்கள் பெரும்பாலும் டவுனில் அடுக்குமாடிவாசிகள். அவர்கள் வீட்டு லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. ஆகவே ஐசியுவிலேயே செத்து, கோட்டை ஒழுங்காக இறக்கினார்கள்.

அவன் ஒவ்வொரு கூட்டல் குறிக்கும் போன் போட்டான். ஒன்றைத் தவிர, விசாரித்த வீடுகளில் எல்லாம் ஒரே பதில்தான். எட்டயபுரத்துக்காரர் ஒருவர் மட்டும் அதைச் சற்று விரிவாகச் சொன்னார்.

"மாஸ்க்கப் போட்டு அனுப்புனது நீயதான தம்பி. எங்கம்மா அன்னைக்குப் பொழுது தாண்டல. இப்ப என்ன, மாஸ்க்கத் திருப்பித் தரணுமோ?"

ஒரே ஒரு நோயாளி மட்டும் தானே போனை எடுத்து, திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டதாகச் சொன்னார். அவருடைய கூட்டல் குறியை மட்டும் தளவாய் விட்டுவைத்தான். மற்றவர்களைச் செத்தவர்களாக மாற்றித் திரும்ப ஓட்டியபோது, கழுவின ஃபில்டர் கோடு மாடிப்படியில் உருட்டிவிட்ட பாத்திரம் மாதிரி இறங்கி, மற்றதற்குக் கீழே போய் நின்றது.

கிருபாநிதி திரையை அவன் பக்கமே திருப்பிவைத்தார்.

"ஏலே, பேப்பர்ல உயிரோட போயிருக்காவ. பேப்பர்ல இருக்கவியளக் கொல்லுததுக்கு நமக்கு அதிகாரம் கிடையாது."

"சித்திக்குக் கொள்ளி வச்சவன் நான் சார். அவியளுக்கு நான் என்ன, உயிரோடயா வச்சேன்?"

அனுமதி வாங்காமல் போன் செய்தது ஒழுங்கீனம் என்றும், ஆஸ்பத்திரி நிர்வாகக் கூட்டத்தில் முதல் படத்தைத்தான் காட்ட வேண்டும் என்றும் பேராசிரியர் சொல்லிவிட்டார். கூட்டத்தில் தளவாய் முதல் படத்தைக் காட்டினான். கைதட்டி முடித்ததும் இரண்டாவதையும் காட்டி, காரணத்தையும் சொன்னான். ஆஸ்பத்திரி டைரக்டர் சிவப்பிரகாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நல்ல வேளை சொன்னாய் என்றார். கட்டணம் கட்டுகிறவர்களுக்குப் புது ஃபில்டரே தொடரும் என்று அங்கேயே முடிவானது.

"அப்ப அந்த அறைக்கு, சார்?"

"அங்க இருக்கதுதான தம்பி. நாம எதையும் மாத்தலையே."

அம்மாவுக்கு அடுத்த முறை புது ஃபில்டர் பாக்கெட்டைக் கிழித்தபோது தளவாய் பக்கத்தில் நின்றான். பிள்ளை படிப்பு நம்மளக் காப்பாத்திட்டு என்று செண்பகம் நர்ஸிடம் பெருமையாகச் சொன்னாள். அவன் திரும்பிக்கொண்டான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டெக்னீஷியன் ஒருத்தர் கழுவின ஃபில்டரை மாட்டிக்கொண்டிருந்தார்.

அவன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அந்த அறையின் வராந்தாவுக்குப் போனான். அங்கே காத்திருந்த சொந்தக்காரர்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து இரண்டாவது படத்தைத் திறந்தான். காவலாளி வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று வேகமாகச் சொன்னான். கருப்பட்டிக் கடைக்காரர் ஒருவர் குனிந்து பார்த்தார்.

"தம்பி, இங்கன கீழ எறங்குதே, அது யாரு?"

"நம்ம ஆளுவதான், அண்ணாச்சி. மாஸ்க்கோட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனவிய."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டைரக்டர் ரூமுக்கு எந்திச்சு வாங்க எல்லாரும் என்றார்.