லென்ஸை ஊதித் துடைத்தவள்

கோளரங்கத்தில் வேலை கிடைத்தால் என் தங்கை போய்விடுவாள். ரயிலில் பதினொரு மணி நேரத் தொலைவு. வாரக் கடைசியில் வந்து எட்டிப் பார்க்கிற கதையெல்லாம் நடக்காது. விண்ணப்பத்தோடு அவர்கள் கேட்டது ஒரே ஒரு நட்சத்திரத் தடப் படம். வீட்டிலிருந்து எடுத்திருக்க வேண்டும். மூன்று மணி நேரம், நடுவில் இடைவெளி விழாமல். கேமராவை அசையாமல் நிறுத்தி அரை நிமிடத்துக்கு ஒரு படம் என்று எடுத்துக்கொண்டே போனால், பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் இடம் மாறும். எல்லாப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால் கோடு கோடாக வளையும். சேர்க்கிற படங்கள் முழுவதையும் அனுப்ப வேண்டும் என்பதால் தில்லுமுல்லுக்கு வழியில்லை. கடைசி நாள், நான் சொல்லப்போகும் இரவுக்கு மறுநாள் மதியம்.

அதற்குள் இரண்டு இரவு வீணாகிவிட்டது. முதல் இரவு நாற்பது நிமிடத்திலேயே லென்ஸில் பனி படிந்து எல்லாம் புகைமூட்டம். இரண்டாம் இரவு மேகம். மூன்றாம் இரவு வானம் பளிச்சென்று இருந்தது, ஆனால் அவள் வேலை பார்க்கும் கால் சென்டரில் லீவு கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

"அக்கா, நீதான் பாத்துக்கணும். எதையும் தொடாத. பனி மட்டும் படியாம பாத்துக்கோ. ஒரு மணிக்கு நிலா வந்துரும், அதுக்கப்புறம் ஒண்ணும் எடுக்க முடியாது."

"போடி. இருபத்திரண்டு வருஷமா லென்ஸோடதான் குடும்பம் நடத்துறேன். எனக்கே பாடமா?"

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். பனிக்கு வழி கண்டுபிடித்ததும் நான்தான். லென்ஸ் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து போவதால்தான் பனி படிகிறது. கொஞ்சம் கதகதப்பாக வைத்திருந்தால் போதும். அதற்கென்று விற்கும் பட்டையை வரவழைக்க ஒரு வாரம் ஆகும் என்றார்கள். கண்ணாடி பிரேமை இளக்கி வளைக்கக் கடையில் ஒரு உப்புச் சட்டி உண்டு, கரண்டில் சூடாவது. அதைத் தூக்கி வந்தேன். சூடான உப்பை சாக்ஸில் கட்டி, மணிக்கட்டில் வைத்துப் பார்த்து, சுடாமல் இதமாக இருக்கும்போது லென்ஸைச் சுற்றிக் கட்ட வேண்டும். சூடு கூடினாலும் ஆபத்து. காற்று அலைந்து நட்சத்திரம் நடுங்கும். ஒரு சாக்ஸ் ஆறுவதற்குள் அடுத்தது தயாராக இருக்க வேண்டும்.

ஏழரைக்கு அவள் கேமராவை வடக்குப் பார்த்த பால்கனியில் நிறுத்தி, போகஸ் வளையம் நகராமல் டேப் ஒட்டி, சுவரிலிருந்து கரண்ட் வயரையும் இழுத்துக் கொடுத்துவிட்டு ஓடினாள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இரண்டு முறை சாக்ஸ் மாற்றினேன். ஒரு தடவைகூட ஆட்டவில்லை. இதென்ன பெரிய வித்தை என்று ஒரு திமிர் வேறு வந்தது.

ஒன்பது ஐம்பதுக்கு மூன்றாவது சாக்ஸைக் கட்டக் குனிந்தேன். எதிர்வீட்டுக் குளியலறை விளக்கு யாரோ போட, அந்த வெளிச்சத்தில் லென்ஸின் நடுவே ஒரு தூசி தெரிந்தது. அவ்வளவுதான். வாய் திறந்து "ஹா" என்று ஊதியது. கை சேலைத் தலைப்பை எடுத்து வட்டமாகத் துடைத்தது. ஒரு நாளைக்கு நாற்பது கண்ணாடியை இப்படித்தான் துடைக்கிறேன். வாடிக்கையாளரிடம் நீட்டுவதற்காகக் கையை உயர்த்தியபோதுதான் எதிரில் வாடிக்கையாளர் யாரும் இல்லை என்று உறைத்தது.

அடிப்பாவி!

துடைத்த பிறகும், ஆறிப்போயிருந்த லென்ஸ் முழுக்க என் மூச்சு வெள்ளையாக இழுகிக் கிடந்தது. கேமரா பாட்டுக்கு டிக் டிக்கென்று அதையே படம் எடுத்துக்கொண்டிருந்தது. உப்புச் சூட்டில் அது மறைய மூன்று நிமிடம் ஆனது. இரண்டே கால் மணி நேர உழைப்பு குப்பை.

இப்போது சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த மூன்று நிமிடத்தில் எனக்கு நெஞ்சு லேசானது. அப்பாடா, இனி இவள் எங்கேயும் போகமாட்டாள் என்று நினைத்தேன். இருவருக்கும் காபி போடும் அதே அடுப்பு, அதே சண்டை, அதே ஒற்றைக் குளியலறை. அம்மா போன பிறகு இந்த வீட்டில் எனக்கு அவளும் அவளுக்கு நானும்தான்.

அப்புறம் என்மேலேயே காறித் துப்பத் தோன்றியது. எட்டு வருஷமாக ராத்திரி ராத்திரி போனில் யார் யாரிடமோ திட்டு வாங்கிவிட்டு வருகிறாள் அந்தப் பெண். எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்பதற்காக அவள் அங்கேயே கிடந்து சாகணுமா?

மணி ஒன்பது ஐம்பத்து நாலு. இப்போதிலிருந்து எண்ணினால் பன்னிரண்டு ஐம்பத்து நாலு. நிலா வர ஆறு நிமிடம் மிச்சம். அவளுக்கு போன் போட முடியாது. வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வாங்கி வைத்துவிடுவார்கள். போர்வையைக் கிழித்து வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டேன். மறுபடி துடைத்துவிடாதபடி, சாக்ஸ் மாற்றாத நேரமெல்லாம் வலது கையைச் சேலைக்குள் செருகிக்கொண்டேன். நேரம் ஆக ஆகப் பனி வலுத்தது. பால்கனிக் கம்பியில் சொட்டுச் சொட்டாக நின்றது. நாற்பது நிமிடத்துக்கு ஒரு சாக்ஸ் என்பது இருபதானது. அவசரத்தில் உப்பு கொட்டி மணிக்கட்டு வெந்தது. சத்தம் போட்டுத் திட்டக்கூட வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

மூன்றரை மணிக்குக் கதவு திறந்தது.

"பாதியில ஊதித் துடைச்சிட்டேன்டி," என்றேன், அவள் செருப்பைக் கழற்றுவதற்குள்.

"எதை?"

"லென்ஸை."

அவள் பையைக் கீழே வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது. 

"வேணும்னே பண்ணினியா?"

என்னடி வாய் நீளுது என்று கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை.

"கைப் பழக்கம்டி, சத்தியமா. ஆனா ஆனதுக்கப்புறம் ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அதுவும் உண்மை."

அவள் போய்க் கேமராவைக் கணினியில் செருகினாள். நான் கதவோரமாக நின்றேன். வெள்ளைப் படங்கள் ஓடின. அதற்குப் பிறகு கறுப்பு, கறுப்பு, கறுப்பு, எல்லாவற்றிலும் நட்சத்திரம். நிலா வெளிச்சம் கலக்காத படங்களை மட்டும் விரலால் திரையைத் தொட்டு எண்ணினாள். மூன்று மணி நேரத்துக்கு முந்நூற்று அறுபது வேண்டும்.

"முந்நூத்தி அறுபத்தி ரெண்டு இருக்குக்கா."

 என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து விளக்கில் பார்த்தாள். "என்னக்கா இது, இப்படி வெந்திருக்கு? மருந்து போட்டியா?"

"மருந்து கிடக்கட்டும். முதல்ல அனுப்புடி."

சேர்த்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. துருவ நட்சத்திரத்தைச் சுற்றி வளைவு வளைவாக, ஓரிடத்திலும் அறுபடாமல். இவ்வளவு அழகாக வரும் என்று நான் நினைக்கவே இல்லை. அவள் பொத்தானை அழுத்தினாள். 'பெறப்பட்டது' என்று திரையில் வந்தது.

அது வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வந்த பிறகுதான் கேட்டேன்.

"நீ போய்ட்டா எனக்கு யாருடி இருக்கா?"