சகோதரர் மன்றத்தின் மாப்பிள்ளை

லிஃப்ட் மெக்கானிக்குக் கூடப்பிறந்தவர் யாருமில்லை. வேலையாவது நாலு பேரோடு சேர்ந்து செய்கிற வேலையா என்றால் அதுவும் இல்லை. கிணறு மாதிரியான இருட்டுக்குள் இறங்கி, கம்பிவடத்துக்கு கிரீஸ் தடவிவிட்டு, தன்னைத்தானே திட்டிக்கொண்டு ஏறி வர வேண்டியதுதான். மனைவி வீட்டில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை. மனைவியின் அண்ணன், பல்செட்டு செய்கிறவன், வயதில் இவரைவிட இளையவன். அவனும் வாய் நிறைய 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவான். 'அண்ணே' என்று அவரைக் கூப்பிட ஒரு நாதி கிடையாது. டீக்கடையில் 'அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க' என்பதையெல்லாம் கணக்கில் சேர்க்க முடியாது.

ஒருநாள், பெயிண்ட் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருக்கும் சகோதரர் மன்றம் என்கிற ரகசியச் சங்கத்தின் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. மெக்கானிக் கதவில் வாயை வைத்து, "உள்ள யாரு?" என்று கேட்டார். இந்தத் தொழிலில் முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

"சகோதரர்கள் நாலு பேர்" என்று பதில் வந்தது.

திறந்தால் வியர்த்து வழிந்த நாலு கிழவர்கள். ஒருவர் இன்னொருவர் காலை மிதித்துக்கொண்டிருந்தார்.

"மன்னிக்கணும் சகோதரா."

"பரவாயில்ல சகோதரா, இன்னும் கொஞ்ச நேரம் மிதிங்க."

மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. சேர்ந்தால் இவர்களோடுதான் சேர வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தார்.

சேர்வது அப்படியொன்றும் லேசில்லை. அவர்களாக யாரையும் கூப்பிட மாட்டார்கள். ஆசைப்பட்டவன்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும், மெக்கானிக் கேட்டார். உறுப்பினர்கள் இருவர் சிபாரிசு செய்ய வேண்டும் என்றார்கள். மிதித்தவரும் மிதிபட்டவரும் செய்தார்கள். பிறகு ஒரு நாள் கண்ணைக் கட்டி, ஒரு காலில் மட்டும் செருப்போடு கூடத்துக்குள் நடத்திப் போனார்கள். எதற்கு ஒரு செருப்பு என்று அங்கே யாருக்கும் தெரியாது, கேட்டால் வழக்கம் என்பார்கள்.

"எதைத் தேடி வந்தே?" என்றது தலைவரின் குரல். தலைவர் ஓய்வு பெற்ற சர்வேயர். எதற்கும் ஒரு எல்லைக்கல் நட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

மெக்கானிக் மனப்பாடம் செய்து வந்த பதில் 'வெளிச்சத்தை' என்பது. வாயில் வந்தது, "கூடப்பிறந்தவங்கள."

கூடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அடுத்து வாக்கெடுப்பு. சம்மதம் என்றால் பெட்டியில் வெள்ளைப் பொத்தான், இல்லையென்றால் கறுப்பு. ஒரு கறுப்பு விழுந்தாலும் வந்தவர் வந்த வழியே போக வேண்டியதுதான். சரியாக ஒரு கறுப்பு விழுந்தது.

"போட்டது நான்தான்" என்று ஒரு குரல் எழுந்தது. மெக்கானிக் கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தார். பல்செட்டு மைத்துனன். என்ன ரகசியச் சங்கம் பாருங்கள், சொந்த மைத்துனன் உள்ளே இருப்பதுகூட இத்தனை வருஷம் அவருக்குத் தெரியாது.

"மாப்பிள்ளை மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றான் மைத்துனன். "ஆனா இவர் எனக்குச் சகோதரர் ஆயிட்டா, என் தங்கச்சி இவருக்கு என்ன முறை ஆகும்?"

கூடத்தில் ஆளாளுக்கு விரல்விட்டு முறையைக் கணக்குப் போட்டார்கள்.

"அட ஆமா" என்றார் மிதிபட்டவர். "இவருக்கும் தங்கச்சி ஆயிடும்ல."

அப்புறம் ஆளுக்கொரு யோசனை. ஒன்றுவிட்ட சகோதரராகச் சேர்க்கலாம் என்றார் ஒருவர். எத்தனை விட்டாலும் தங்கை தங்கைதான் என்று அவரை உட்காரவைத்தார்கள். பெரியப்பா ஆக்கிவிடலாம் என்றார் இன்னொருவர். தங்கையாவது பரவாயில்லை, இது மகளாகிவிடும் என்று பதறினார்கள். கூட்டம் நடக்கிற நேரத்துக்கு மட்டும் கல்யாணத்தை நிறுத்தி வைக்கலாம் என்று மிதித்தவர் சொன்னதை, நல்லவேளை, யாரும் வழிமொழியவில்லை. கடைசியில் தலைவர் எழுந்து எல்லைக்கல்லை நட்டார்.

"நம்ம சகோதரருக்கு மாப்பிள்ளைன்னா நம்ம எல்லாருக்கும் மாப்பிள்ளை. மாப்பிள்ளையாவே சேத்துக்குவோம்."

மைத்துனன் கறுப்புப் பொத்தானைத் திரும்ப எடுத்துக்கொண்டான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

விதி யாரை விட்டது. அன்று முதல் மெக்கானிக் உள்ளே நுழைந்தால் முப்பது பேரும் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார்கள். "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை." மெத்தை வைத்த நாற்காலி அவருக்கு. முதல் காபி அவருக்கு. ஒரு ஸ்டூலை நகர்த்தப் போனால் மூன்று பேர் ஓடி வந்து பிடுங்குவார்கள். அவர் காலை மிதிக்க மட்டும் ஒருத்தருக்கும் துணிச்சலில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். லிஃப்ட் கிணற்றுக்குள்கூட அவர் இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டதற்காக வீட்டில் வாய்த்தகராறு. மனைவி போனில் அண்ணனிடம் புலம்பினாள். சாயங்காலம் நாலாவது மாடியில் அவர்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் படிக்கட்டு நெடுக அண்ணன்கள்.

"எங்க தங்கச்சி கண் கலங்குச்சாமே" என்றார் தலைவர். "கேக்க ஆளில்லன்னு நெனச்சீங்களா மாப்பிள்ளை?"

மெக்கானிக்கை விலக்கிக்கொண்டு மனைவி முன்னால் வந்தாள்.

"ஒரு ஈரத்துண்டுக்கு முப்பது அண்ணனா? எனக்குக் கேக்க ஆளிருக்கு. இந்த மனுஷனுக்கு யாரிருக்கா? அண்ணன் தம்பி வேணும்னுதானே உங்ககிட்ட வந்தாரு. அவர் பக்கம் நிக்க ஒருத்தருக்குமா தோணல?" பிறகு கூடப்பிறந்த அண்ணனைப் பார்த்தாள். "உனக்குமா தோணல?"

அண்ணன்கள் தலையைச் சொறிந்தார்கள். "வரோம்மா" என்று முனகிக்கொண்டே பின்வாங்கினார்கள். மானம் போனவனுக்குப் படி இறங்கப் பொறுமை ஏது? நாலு பேர் போகிற லிஃப்டில் ஒன்பது பேர் ஏறினார்கள். மூன்றாம் மாடிக்குக் கீழே இறங்கியதும் அது ஒரு முக்கு முக்கி நின்றுவிட்டது.

மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு போனார். மண்டியிட்டு, கதவில் வாயை வைத்து, "உள்ள யாரு?" என்று கேட்டார்.

உள்ளே கசமுசாவென்று பேச்சு. சகோதரர்கள் என்று சொன்னால் முறை இடிக்கும். மைத்துனர்கள் என்று சொல்ல இப்போது வாய் கூசியது. பிறகு பல்செட்டுக்காரனின் குரல், பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல் அடங்கி வந்தது.

"நான்தாண்ணே. அண்ணிகிட்ட சொல்லிடாதீங்க."

மெக்கானிக்கின் கையில் சாவி இருந்தது. ஒரு திருகு திருகினால் கதவு திறந்துவிடும். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்தார்.

"சரியாக் காதுல விழல" என்றார். "இன்னொரு தரம் சொல்லு."